மலையில் ஒருவர் சிக்கினால் யாரை நம்பி ஏற்பாடு செய்வது: முகாமா, மாவட்ட நிர்வாகமா, ஊர்க் குழுவா?

குன்னூர், கோத்தகிரி பக்கத்து ஊர்க் கமிட்டிகளில் மழைக்கு முன்னால் இப்போதெல்லாம் தவறாமல் ஒரு பேச்சு வருகிறது. மண் சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் புதைந்தாலோ, சுற்றுலா வந்த பையன் பாறையில் சறுக்கி விழுந்தாலோ, விறகுக்குப் போன பெண் இருட்டியும் திரும்பாவிட்டாலோ, யாரை நம்பி முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைப்பது? பக்கத்திலேயே வெலிங்டன் ராணுவ முகாம் இருக்கிறது, அங்கே ஒரு வார்த்தை பேசி வைத்தால் போதும் என்று ஒரு தரப்பு. அவசர எண் 112-க்கும் தீயணைப்பின் 101-க்கும் அடித்தால் வரத்தானே போகிறார்கள், நாம் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும் என்று இன்னொரு தரப்பு. இளவட்டங்கள் வசூல் போட்டுக் கயிறும் ஸ்ட்ரெச்சரும் வாங்கி நாமே ஒரு குழு ஆரம்பித்துவிடலாம் என்கிறார்கள். பேசிப் பேசி மழையே வந்துவிடுகிறது, முடிவு மட்டும் வருவதில்லை.

நான் கடலோரக் காவல்படையில் தேடுதல் மீட்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்று மலைக்குத் திரும்பியவன். கடலுக்கும் நீலகிரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ராணுவமும் சிவில் துறைகளும் உள்ளூர் ஆட்களும் ஒரே உயிரைக் காப்பாற்ற ஒரே நேரத்தில் ஓடிவரும்போது யார் சொல்லை யார் கேட்பது என்ற சிக்கலுக்கு, கடலில் உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட ஒரு விடை இருக்கிறது. மலையில் இன்னும் அப்படி ஒன்று உறுதிப்படவில்லை. அந்த விடையை வைத்து இந்த மூன்று வழிகளையும் எடைபோட்டால் குழப்பம் பெருமளவு தெளியும்.

எதை வைத்து அளப்பது

முதலில் நேரம். மண்ணுக்குள் புதைந்தவருக்கு நிமிடக் கணக்கு. பாறையில் சிக்கி நினைவோடு இருப்பவருக்கு மணிக்கணக்கு. நனைந்த துணியோடு காட்டில் வழி தவறியவருக்கு ஒரே ஓர் இரவுதான் கணக்கு, ஏனென்றால் ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, டிசம்பர் குளிரில் உடல் சூடு இறங்கினால் காயமே இல்லாதவரும் விடியலைப் பார்க்க மாட்டார். அதனால் "எவ்வளவு சீக்கிரம் வருவார்கள்" என்று பொதுவாகக் கேட்காமல், எந்த மாதிரி ஆபத்துக்கு எவ்வளவு சீக்கிரம் என்று கேட்க வேண்டும்.

அடுத்து, ஒருங்கிணைப்பது யார். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் அதிக மதிப்பெண். அப்புறம் இடத்தை அறிந்தவர் கூட இருக்கிறாரா, காட்டுக்குள் நுழைய அனுமதி உண்டா, மீட்கப் போனவருக்கு ஏதாவது ஆனால் பொறுப்பு யாருடையது என்பவை. கடைசியாகச் செலவு. இன்றைக்கு வாங்கும் கயிற்றின் விலையைச் சொல்லவில்லை, மூன்று வருடம் கழித்தும் அந்த ஏற்பாடு உயிரோடு இருக்க ஆகும் செலவைச் சொல்கிறேன்.

கடலில் எப்படித் தீர்த்தார்கள்

1979-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கடல்சார் தேடுதல் மீட்பு உடன்படிக்கை உருவாகி 1985-ல் நடைமுறைக்கு வந்தது. கடலைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நாட்டைப் பொறுப்பாக்கினார்கள். அந்த நாட்டில் ஓர் ஒருங்கிணைப்பு மையம் இருக்க வேண்டும், ஒரு சம்பவத்துக்கு ஒரே ஒருவர்தான் ஒருங்கிணைப்பாளர். இந்தியாவின் பங்கு சுமார் 46 லட்சம் சதுர கிலோமீட்டர், நம் நாட்டின் நிலப்பரப்பைவிடப் பெரியது. மும்பை, சென்னை, போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) மூன்று இடங்களிலும் கடலோரக் காவல்படையின் மையங்கள் அதைப் பார்த்துக்கொள்கின்றன. 1554 என்ற எண்ணுக்கு அடித்தால் அங்கேதான் மணி அடிக்கும்.

இதில் பலரும் கவனிக்காமல் விடும் நுணுக்கம் ஒன்று உண்டு. ஒருங்கிணைப்பாளரிடம் கப்பல் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கடற்படைக் கப்பல் அதன் தளபதி சொல்வதைத்தான் கேட்கும், வணிகக் கப்பல் அதன் கேப்டனுக்குக் கட்டுப்பட்டது, மீன்பிடி படகு அதன் ஓட்டுநருக்கு. மையம் இவர்கள் யாருடைய அதிகாரத்திலும் கை வைப்பதில்லை. கடைசியாகத் தெரிந்த இடத்தைக் குறித்து, காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் தள்ளியிருக்கும் என்று கணக்குப் போட்டு, கடலைக் கட்டம் கட்டி, இந்தக் கட்டம் உனக்கு, அந்தக் கட்டம் அவனுக்கு என்று பிரித்துக் கொடுக்கிறது. சம்பவ இடத்துக்கு முதலில் போய்ச் சேர்கிற கப்பலே, சரக்குக் கப்பலாக இருந்தாலும், அங்கே பொறுப்பு எடுத்துக்கொள்ளும். பிறகு அதற்கென்றே வசதியுள்ள கப்பல் வந்தால் பொறுப்பு கைமாறும், கைமாறிய நேரம் பதிவேட்டில் ஏறும்.

மையம் சீருடைக்காரர் கையில் இருக்க வேண்டுமா, சிவில் கையிலா என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. நம் கடலோரக் காவல்படை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது, ஆனால் அதன் தலைமை இயக்குநர் தலைவராக இருக்கும் தேசிய கடல்சார் தேடுதல் மீட்பு வாரியத்தில் கப்பல் துறை, மீன்வளம், கடலோர மாநிலங்கள் எல்லாம் உட்கார்ந்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் அது முழுக்க சிவில் அமைப்பு. 2014 மார்ச்சில் மலேசிய விமானம் எம்எச்370 காணாமல் போனபோது, தெற்கு இந்தியப் பெருங்கடலில் பல நாட்டு ராணுவ விமானங்களுக்கு ஆரம்ப நாட்களில் தேடும் பகுதியைப் பிரித்துக் கொடுத்தது அந்த நாட்டின் சிவில் கடல் பாதுகாப்பு ஆணையம்தான். பிரிட்டனில் ஒருங்கிணைப்பது அரசின் கடலோரக் காவல், படகை எடுத்துக்கொண்டு அலையில் இறங்குவது பெரும்பாலும் 1824-ல் தொடங்கிய தொண்டு அமைப்பின் தன்னார்வலர்கள். ஹெலிகாப்டர்கள் பல காலம் விமானப்படையிடமும் கடற்படையிடமும் இருந்தன, 2015 தொட்டு ஒப்பந்தத் தனியார் நிறுவனத்துக்கு மாறின. ஹெலிகாப்டர் யாருடையது என்பது மாறியது, கடலில் மீட்பை ஒருங்கிணைக்கும் மேசை மாறவில்லை.

நம் பக்கத்து அனுபவம் கசப்பானது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் கன்னியாகுமரி மீனவர்கள் நூற்றுக்கணக்கில் ஆழ்கடலில் சிக்கியபோது கப்பல்களும் விமானங்களும் போயின. ஆனால் எந்தப் படகு எந்தத் திசையில் எவ்வளவு தூரத்தில் தங்கி மீன் பிடித்துக்கொண்டிருக்கும் என்பது கரையில் நின்ற மீனவர்களுக்குத்தான் தெரியும். எங்களையும் ஏற்றிக்கொண்டு போங்கள் என்று அவர்கள் கதறினார்கள், சிலர் பொறுக்காமல் தங்கள் படகிலேயே தேடக் கிளம்பினார்கள். பிறகுதான் மீனவர்களைக் கப்பல்களில் ஏற்றிக்கொண்டு தேடினார்கள். இடத்தை அறிந்தவனைக் கூட வைத்துக்கொள்ளாத மீட்புக்கு எவ்வளவு பெரிய இயந்திரம் இருந்தும் கண் இல்லை. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

வழி ஒன்று: முகாமை நம்புவது

வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் மையம் இருக்கிறது, முப்படை அதிகாரிகள் படிக்கும் பாதுகாப்புப் படைகள் ஊழியர் கல்லூரி இருக்கிறது, கீழே சூலூரில் விமானப்படைத் தளம். இவ்வளவு ஆளும் வாகனமும் ஒழுங்கும் நம் வாசலில் இருப்பது தமிழ்நாட்டில் வேறு எந்த மலைக்கும் இல்லாத வசதி. கடினமான பாறை ஏற்றம், பாலம் போடுவது, ராத்திரி முழுக்கத் தளராமல் வேலை செய்வது, இதிலெல்லாம் அவர்களுக்கு ஈடு கிடையாது.

2022 பிப்ரவரியில் பாலக்காடு மலம்புழாவில் குறும்பாச்சி மலைப் பாறை இடுக்கில் ஓர் இளைஞர் சிக்கிக்கொண்டது நினைவிருக்கும். திங்கட்கிழமை சிக்கினார். தீயணைப்பு, போலீஸ், வனத்துறை, தேசியப் பேரிடர் மீட்புப் படை எல்லாம் முயன்றும் அவரை எட்ட முடியவில்லை. செவ்வாய்க்கிழமை கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டரும் வந்தது, பாறைக்குப் பக்கத்தில் போக முடியாமல் திரும்பியது. கேரள அரசு கேட்ட பிறகு வெலிங்டனிலிருந்து ஓர் அணி சாலை வழியாகவும், பெங்களூருவிலிருந்து பாராசூட் ரெஜிமெண்டின் அணி விமானத்தில் சூலூர் வரையிலும் வந்து, ராத்திரியே மலை ஏறி, மேலிருந்து கயிற்றில் இறங்கி, புதன்கிழமை காலையில் அவரை மேலே கொண்டுவந்தார்கள். சுமார் 45 மணி நேரம் சோறு தண்ணீர் இல்லாமல் இருந்தவர்.

இதைச் சொல்லித்தான் பலர் முதலிலேயே முகாமைக் கூப்பிடலாம் என்கிறார்கள். நான் அதே சம்பவத்தில் பார்ப்பது வேறு. ராணுவ அணி இடத்துக்கு வந்த பிறகு வேலை நடந்த வேகத்தைப் பாருங்கள், அதற்கு முன்னால் கேட்கலாமா வேண்டாமா என்று போன நேரத்தையும் பாருங்கள். திறமை பக்கத்தில் இருந்தது, அதை வரவழைக்கும் சங்கிலிதான் நீளம். நம் நாட்டில் சிவில் நிர்வாகத்துக்கு ராணுவம் உதவுவதென்றால் நிர்வாகம் கேட்க வேண்டும், மாவட்டத்தில் அது கலெக்டர் வழியாகப் போகும். முகாமில் உங்களுக்குத் தெரிந்த சுபேதாரின் செல்போன் எண் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி ஆகாது. அவர் நல்ல மனிதராகவே இருப்பார், இரண்டு வருடத்தில் மாற்றலாகிப் போயும் விடுவார்.

இன்னொன்று, அங்கே இருப்பது பயிற்சி மையமும் கல்லூரியும், 24 மணி நேரமும் மலை மீட்புக்கென்று காத்திருக்கும் பிரிவு அல்ல. கையெட்டும் தூரத்தில் விபத்து நடந்தால் ஓடிவருவார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். கோத்தகிரிக்கு அந்தப் பக்கத்து ஹட்டியில் (படுகர் ஊரில்) ராத்திரி பத்து மணிக்கு ஒருவர் காணாமல் போனால் அது வேறு கதை.

ஹெலிகாப்டர் மேல் நம் ஊரில் எல்லோருக்கும் அளவு கடந்த நம்பிக்கை. 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கியபோது விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன, ஆனாலும் முதலில் மேலே ஓடி ஆட்களைத் தூக்கிவந்தவர்களில் மலையடிவார மக்கள் இருந்தார்கள். 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2024 மார்ச்சில் குன்னூர் காட்டுத் தீயில் விமானப்படை ஹெலிகாப்டர் வாளி கட்டித் தண்ணீர் அள்ளி ஊற்றியதை எல்லோரும் பார்த்தோம், அன்று வானம் தெளிவாக இருந்தது. மண்சரிவு வருவது மேகம் இறங்கியிருக்கும் நாளில். 2021 டிசம்பர் 8-ல் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டரே, எதிர்பாராமல் மாறிய வானிலையில் மேகத்துக்குள் நுழைந்து மோதியது என்றுதான் விசாரணையின் முதற்கட்ட முடிவு சொன்னது. அப்பேர்ப்பட்ட விமானிகளுக்கே அப்படி நடந்த மலை இது.

மறைவான செலவும் உண்டு. வான்வழி மீட்பு இலவசம் என்று நினைக்கிறோம். 2006 தொட்டு வயநாடு நிலச்சரிவு வரை நடந்த வான்வழி உதவிகளுக்காக 132 கோடி ரூபாய்க்கு மேல் கட்டச் சொல்லி 2024-ல் மத்திய அரசு கேரளத்துக்குக் கடிதம் எழுதியது. அதை ஊர்க் கமிட்டி கட்டப் போவதில்லை, சரி. ஆனால் கூப்பிடுகிற அதிகாரி ஒரு நிமிடம் யோசிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

வழி இரண்டு: மாவட்ட நிர்வாகம், 112, 101, 1077

2005-ம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்டத்தில் ஒருங்கிணைக்கும் அதிகாரம் கலெக்டர் தலைமையிலான ஆணையத்துக்கு. 1077 என்பது மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண். தீயணைப்பு, போலீஸ், வனத்துறை, நெடுஞ்சாலை, மின்வாரியம், 108, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அசைக்கக்கூடிய ஒரே இடம் அதுதான். ராணுவத்தை முறைப்படி கேட்கக்கூடியதும், அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையை வரவழைக்கக்கூடியதும் அதுதான். கடலில் மையம் செய்யும் வேலைக்கு மலையில் சட்டப்படி நெருங்கிவருவது இந்த மேசை ஒன்றே. நான் சாய்வது இந்தப் பக்கம் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

2024 ஜூலை 30-ல் வயநாடு முண்டக்கை, சூரல்மலை சரிவில் இது எப்படி வேலை செய்யும் என்று பார்த்தோம். நம் கூடலூர், பந்தலூருக்கு மலைக்கு அந்தப் பக்கம்தான். ராணுவத்தின் மெட்ராஸ் பொறியாளர் பிரிவு பாகங்களைக் கோத்துக் கட்டும் 190 அடி பெய்லி பாலத்தை ஒன்றரை நாளுக்குள் போட்டு முடித்தது. அந்தப் பாலத்தில் யார் போவது, எந்த வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள், யார் நிவாரண முகாமில் இருக்கிறார், யாரைக் காணவில்லை என்ற கணக்கெல்லாம் வருவாய்த் துறையும் பஞ்சாயத்தும் பார்த்தவை. ரேஷன் அட்டைப் பட்டியல் இல்லாவிட்டால் எத்தனை பேரைத் தேடுகிறோம் என்றே தெரியாது. பாலம் முடிவதற்கு முன்பே கயிற்றில் தொங்கி ஆற்றைக் கடந்து அக்கரையில் காயம்பட்டவர்களுக்கு மருந்து கட்டியவர் நம் கூடலூர் செவிலியர் சபீனா. அவருக்கு அந்த ஆண்டு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது தமிழக அரசு. ராணுவம், நிர்வாகம், ஒரு செவிலியர், மூன்றும் ஒரே ஆற்றங்கரையில் தேவைப்பட்டன.

இந்த வழியின் பலவீனம் முதல் மணி நேரம். நீலகிரியில் தீயணைப்பு நிலையங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. மரப்பாலம் பக்கம் சாலையில் மண் விழுந்துவிட்டால் மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் வண்டி நின்றுவிடும், கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும், அங்கேயும் மரம் விழுந்திருக்கும். 2009 நவம்பரில் கேத்தி பக்கம் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி 40-க்கும் மேற்பட்டோர் செத்தபோது பல ஊர்கள் தனித் தீவாக நின்றன. அந்த மாதிரி நாளில் யார் வந்தாலும் தாமதமாகத்தான் வருவார்கள், அதில் அவர்கள் குற்றம் ஒன்றும் இல்லை.

இடம் சொல்வது இன்னொரு தொல்லை. அவசர அழைப்பை எடுப்பவர் மலையே பார்க்காதவராக இருக்கலாம். "மேல் தோட்டத்துக்கு மேலே மாரியம்மன் கோயில் தாண்டி ரெண்டாவது வளைவு" என்றால் அவர் என்ன செய்வார்? ஒரே பெயரில் இரண்டு மூன்று ஹட்டிகள் இருக்கிற மாவட்டம் இது. எனக்குத் தெரிந்த ஓர் அவசரத்தில் வண்டி அதே பெயருள்ள வேறு ஊருக்குப் போய்த் திரும்பி வந்தது. வழி காட்ட முக்குக்கு ஓர் ஆளை டார்ச்சோடு அனுப்பியிருந்தால் அந்த நேரம் மிஞ்சியிருக்கும்.

வழி மூன்று: சொந்தக் குழு

இதன் பலத்தைப் பேச நஞ்சப்பசத்திரம் ஒன்று போதும். 2021 டிசம்பர் 8, மதியம். ராவத் வந்த ஹெலிகாப்டர் குன்னூர் அருகே காட்டேரி என்ற ஊர்ப் பக்கம் விழுந்த இடத்துக்கு முதலில் ஓடியவர்கள் அந்தக் குடியிருப்பு மக்கள். தீயணைப்பு வண்டி இறங்க அங்கே பாதை இல்லை. குடத்திலும் வாளியிலும் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினார்கள், வீட்டுப் போர்வைகளைக் கொடுத்தார்கள், அந்தப் போர்வைகளில்தான் தூக்கி வந்தார்கள். இருந்த 14 பேரில் யாரும் பிழைக்கவில்லை, அன்றைய நாளைத் தாண்டி உயிரோடு இருந்த ஒரே ஒருவரும் ஒரு வாரம் கழித்து இறந்தார். ஆனாலும் நாட்டின் உச்சத் தளபதிக்கே முதல் மணி நேரத்தில் கிடைத்த உதவி கூலி வேலை செய்யும் குடும்பங்களின் போர்வைதான். ராணுவத்தின் உயர் அதிகாரிகள் பிறகு நேரில் வந்து அந்த மக்களுக்கு நன்றி சொன்னார்கள்.

ஆகவே முதலில் வரப்போவது ஊர்தான், நீங்கள் குழு ஆரம்பித்தாலும் ஆரம்பிக்காவிட்டாலும். கேள்வி, அந்த ஊர் தயாராக ஓடுகிறதா, தயாராகாமல் ஓடுகிறதா என்பது. சரிந்த மண்மேல் நூறு பேர் ஏறி நின்றால் மறுபடி சரியும், கத்தும் சத்தத்தில் உள்ளே இருப்பவரின் முனகல் கேட்காது. பயிற்சி பெற்ற பத்துப் பேர் செய்ய வேண்டிய முதல் வேலை மண்வெட்டி எடுப்பதல்ல, கூட்டத்தை ஓரமாக நிறுத்தி, ஜேசிபியை அணைக்கச் சொல்லி, எல்லோரையும் வாய்மூடச் செய்து காது கொடுத்துக் கேட்பது.

இனி மறைவான செலவுகள், இங்கேதான் அதிகம். கயிறு வாங்குவதோடு முடியாது. உபயோகிக்காமல் பெட்டியில் வைத்தாலும் ஏறுகயிற்றுக்கு ஆயுள் உண்டு, தயாரிப்பவர்கள் பொதுவாக அதிகபட்சம் 10 வருடம் என்கிறார்கள், நம் ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் அதற்கும் முன்னாலேயே நம்ப முடியாது. அடிபட்ட தன்னார்வலருக்குக் காப்பீடு யார் எடுப்பது? சாலை விபத்தில் உதவுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது, பள்ளத்தாக்கில் இறங்கி உதவுபவருக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது குற்றம், தேடப் போனோம் என்று சொன்னாலும் பிறகு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும். இருட்டில் காட்டெருமையும் கரடியும் யானையும் நடமாடும் சோலைக்குள் உற்சாகமான பையன்களை அனுப்பினால் தேட வேண்டியவர் எண்ணிக்கை ஒன்றிலிருந்து ஐந்தாகிவிடும். பாறையில் கயிறு கட்டி இறங்குவதை யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்ட குழுவை நான் எந்த ஊருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பெரிய செலவு ஆள் தங்குவது. இளைஞர்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். முதல் வருடம் முப்பது பேரோடு தொடங்கும் குழு மூன்றாம் வருடம் வாட்ஸ்அப் குரூப்பாக மட்டும் மிஞ்சும். பிரிட்டனில் தன்னார்வப் படகுக் குழுக்கள் இருநூறு வருடமாக நிற்பதற்குக் காரணம் வீரம் மட்டும் இல்லை, அவர்களுக்குப் பின்னால் பயிற்சியும் பணமும் ஒரு நிலையான அமைப்பும் இருக்கின்றன, அவர்களைக் கூப்பிட ஒரு மேசை இருக்கிறது. நம்மிடம் அதற்கு அருகில் வருவது தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ஆப்த மித்ரா திட்டம்: 12 நாள் பயிற்சி, உபகரணப் பை, காப்பீடு. குழு ஆரம்பிக்க ஆசைப்படும் ஊர் தனியாகப் பெயர்ப்பலகை மாட்டுவதற்குப் பதிலாக, தன் ஆட்களை இதிலும் மாவட்ட முதல்நிலை மீட்பாளர் பட்டியலிலும் சேர்க்க முயல்வதே மேல்.

இன்னொரு பேச்சு, மனதில் பட்டதைச் சொல்கிறேன். காட்டை அறிந்தவர்கள் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர், தோட்டத்தில் முப்பது வருடம் கொழுந்து பறித்த அம்மாக்கள். ஒவ்வொரு தேடலிலும் அவர்களைக் கூட்டிப்போய் முன்னால் நடக்க விடுகிறோம், பெயர் பட்டியலில் மட்டும் சேர்ப்பதில்லை, அன்றைய கூலியும் கொடுப்பதில்லை. கமிட்டி வசூலில் முதல் பங்கு அந்தக் கூலிக்கும் அவர்களின் காப்பீட்டுக்கும் போக வேண்டும், கயிறு பிறகு வாங்கலாம்.

எந்த இடத்துக்கு எது

வெலிங்டன், அருவங்காடு, குன்னூர் சுற்று வட்டாரத்தில் இருப்பவர்கள் முகாமின் உதவியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் தனிப்பட்ட பழக்கத்தில் வைக்காமல், இப்படி நடந்தால் இந்த வழியில் கேட்போம் என்பதைத் தாசில்தார் மூலமாக மாவட்டத் திட்டத்தில் ஏற்றி வைக்க வேண்டும். பாறையில் சிக்குவது, ஆற்றில் அடித்துப் போவது, பாலம் உடைவது மாதிரி நிபுணர் வேலைகளுக்கு ராணுவத்தை நாலாவது முயற்சியாக வைக்காமல், முதல் மணி நேரத்திலேயே நிர்வாகத்திடம் கேட்கச் சொல்லுங்கள். வரத் தேவையில்லை என்று பிறகு சொல்லிவிடலாம். கடலில் நாங்கள் அப்படித்தான் செய்வோம், சந்தேகம் வந்ததுமே தகவல் போய்விடும்.

எமரால்டு, அவலாஞ்சி, மஞ்சூர், பந்தலூர் மாதிரி சாலை அறுந்தால் தனித்துப்போகும் ஊர்களுக்கு சொந்தக் குழு இல்லாமல் முடியாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் கொட்டிய மழையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே குழுவின் வேலை முதல் உதவி, ஆட்களை மேட்டுக்கு ஏற்றுவது, கணக்கெடுப்பது, வயர்லெஸ்ஸோ வேறு வழியோ தகவல் வெளியே போகச் செய்வது. டவுனுக்கு அரை மணி தூரத்தில் இருக்கும் குடியிருப்புச் சங்கங்களுக்குத் தனிக் குழு வீண் செலவு, நாலு பேருக்கு முதலுதவிப் பயிற்சியும் சரியான தகவல் தாளும் போதும். விடுதி நடத்துபவர்கள் விருந்தினர் எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்று எழுதி வாங்கினாலே பாதி வேலை முடிந்தது.

எந்த வழி எடுத்தாலும் கடலிலிருந்து ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: மூன்று நிலைகள். அங்கே முதலில் ஐயம், அடுத்து எச்சரிக்கை, பிறகு ஆபத்து. மலைக்கு அதை இப்படி மாற்றலாம். சொன்ன நேரத்துக்கு ஒருவர் வரவில்லை, போனும் எடுக்கவில்லை என்றால் ஐயம்: வீட்டிலும் நண்பர்களிடமும் விசாரிப்பது, கடைசியாகப் பார்த்த இடத்தையும் போட்டிருந்த உடையையும் எழுதுவது. ஒரு மணி நேரத்தில் தகவல் இல்லை, அல்லது இருட்டிவிட்டது என்றால் எச்சரிக்கை: 112-க்கும் வனத்துறைக்கும் சொல்வது, காட்டுக்குள் யாரும் தனியாகப் போகாமல் பார்த்துக்கொள்வது. அடிபட்டது உறுதி, அல்லது மழையில் ராத்திரி வெளியே இருக்கிறார் என்றால் ஆபத்து: அந்த நிமிடமே 1077 வழியாக எல்லாப் படைகளையும் கேட்பது. இந்த நேரங்களை முன்கூட்டி எழுதி வைத்துவிட்டால், இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா என்ற விவாதத்தில் இரவு கழியாது.

தாளில் என்ன இருக்க வேண்டும்

ஒரே பக்கம். மேலே ஊரின் பெயர், அதே பெயருள்ள மற்ற ஊரிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம், செல்போன் காட்டும் அட்சரேகை தீர்க்கரேகை எண்கள். தீயணைப்பு வண்டி எதுவரை வரும், அதற்கு மேல் எத்தனை நிமிட நடை. தண்ணீர் எங்கே. ஹெலிகாப்டர் இறங்கக்கூடிய பள்ளி மைதானம் எது, அதன் மேல் மின்கம்பி எந்தப் பக்கம் போகிறது, சுற்றியுள்ள தகர ஷீட்டையும் தார்ப்பாயையும் கட்டி வைக்கும் பொறுப்பு யாருக்கு. ஹெலிகாப்டர் இறங்கும் காற்றில் ஒரு தகரம் கிளம்பினால் அதுவே அடுத்த விபத்து. அப்புறம் சம்பவ இடத்தில் ஊர் சார்பில் பேசப்போகும் ஒரே ஒருவர், அவர் இல்லாவிட்டால் அடுத்தவர். யார் எப்போது வந்தார்கள், யாருக்கு எந்தப் பக்கம் ஒதுக்கினோம் என்று நோட்டில் நேரத்தோடு எழுதப்போகிறவர். தேடி முடித்த இடத்தையே மறுபடி தேடுவதைத் தடுப்பது அந்த நோட்டுதான், அதனால் அந்த வேலையை மண்வெட்டி பிடிக்கத் தெரியாதவருக்குத் தள்ளிவிடாமல் நிதானமான ஆளுக்குக் கொடுங்கள்.

தாளைச் செப்டம்பருக்குள் தாலுகா ஆபீஸில் கொடுத்து முத்திரையோடு நகல் வாங்குங்கள். ஒரு நகல் தீயணைப்பு நிலையத்துக்கு, ஒன்று வனச்சரக அலுவலகத்துக்கு, ஒன்று போலீஸ் ஸ்டேஷனுக்கு. முகாமுக்கு நீங்களாகக் கொண்டுபோக வேண்டாம், ராணுவத்துடன் நடக்கும் மழைக்கால ஆலோசனையில் வைக்கும்படி தாசில்தாரிடம் மனுவிலேயே கேளுங்கள். பேசப்போகிறவரின் எண் மாறினால் நாலு இடத்திலும் மாற்றுங்கள்.